மழைக் கதையில் மிஞ்சிய பக்கங்கள்

அத்தியாயம் 6

"இந்தாங்க, ஒங்க புத்தகத்த நீங்களே வச்சுக்கங்க! இதனாலதான் எங்க ஊருல மழை பெய்யல!"

கருப்பையா வீசிய வேகத்தில் புத்தகம் பஞ்சாங்கக் கட்டின் மேல் விழுந்தது. பஞ்சாங்கக் கட்டு மைப்புட்டிகளின் மேல் சாய்ந்தது. ஒரு புட்டி உருண்டு வந்து என் காலடியில் உடைந்தது. நீல மை. என்னிடம் இருந்த ஒரே வெள்ளை வேட்டி அன்றைக்குத்தான் சலவையிலிருந்து வந்திருந்தது.

"மழை பெய்யலைன்னா மேகத்துகிட்ட போய்க் கேளும்யா! புத்தகக் கடையில வந்து எதுக்குய்யா குதிக்கிறீரு?" என்று எகிறினேன்.

"செபமாலை, சும்மா இரு" என்றார் சொர்ணவல்லி அக்கா.

சும்மா இரு. இந்த அம்மாவோடு சேர்ந்து துப்பறியப் போனதில் நான் கண்ட பலன் இந்த இரண்டு வார்த்தைதான். அன்னவாசல் சந்தைத் தெருவில் என்னுடையது வாடகை சைக்கிள் கடை. சமஸ்தானமே போய்விட்டது, என் கடைப் பலகையில் மட்டும் இன்னும் 'புதுக்கோட்டை சமஸ்தானம்' என்று இருக்கிறது. பக்கத்துக் கடை அக்காவுடையது. பள்ளிக்கூடப் புத்தகம், பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதை, துப்பறியும் நாவல் எல்லாம் விற்பார். நாவல் கட்டைப் பிரித்ததும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படிப்பார். "முடிவு தெரிஞ்சாத்தான்டா நடுவுல எவன் புளுகுறான்னு பாக்க முடியும்" என்பார்.

இந்த வழக்கில் கடைசி அத்தியாயம் ஊருக்கே தெரிந்திருந்தது. நல்லதம்பியைத் தூக்கில் போடப் போகிறார்கள்.

அவன் பெண்டாட்டி பொன்னுத்தாய் அப்போது கடைக்குள் சிலேட்டுப் பெட்டிகளுக்கு நடுவே சுருண்டு உட்கார்ந்திருந்தாள். விடியும் முன்பே கீழப்பொய்கைப்பட்டியிலிருந்து நடந்து வந்தவள். அழுது அழுது குரல் போய்விட்டது. கருப்பையாவும் அதே ஊர்தான். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொலைகாரன் பெண்டாட்டி அல்லவா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சும்மா இருந்தேன்.

நடந்தது இதுதான். கீழப்பொய்கைப்பட்டியில் மழை பொய்த்து, கண்மாயில் மாடு குடிக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் கிடந்தது. மடையைத் திறக்கக் கூடாது, கண்மாயில் யாரும் இறங்கிக் குளிக்கவும் கூடாது என்று ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டு, மலையாண்டி என்பவரைக் காவல் வைத்தார்கள். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் மடைக்கட்டை தண்ணீருக்குள் இருக்கும். இடுப்பளவு இறங்கித்தான் பிடுங்க வேண்டும். ஒரு நாள் அந்தி மசங்கும் நேரம் எவனோ இறங்கிப் பிடுங்கிவிட்டான். தடுக்கப் போன மலையாண்டி மடைக் கல்லில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். அதற்கு முதல் நாள்தான் நல்லதம்பி அவரோடு தண்ணீருக்காகச் சண்டை போட்டு, "ஒன்னப் பாத்துக்கிறேன்" என்று ஊர் கேட்கக் கத்தியிருந்தான். பாவிப்பயல், அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சண்டை போட்டவனெல்லாம் கொலை செய்வதில்லை என்று போலீசும் யோசித்திருக்கும். ஆனால் சாட்சி சொன்னவர் ஆத்மநாதன்.

மழை இல்லாவிட்டால் அய்யனார் கோயிலில் ஒருவரை உட்கார வைத்து மழைக் கதை படிக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். காட்டுக்குப் போன ராஜா நாடு திரும்பி முடி சூடுகிற கதை. நாள் கணக்கில் ராகம் போட்டுப் படித்து, மங்களம் பாடி முடித்தால் மழை இறங்கும் என்பார்கள். இலுப்பூரிலிருந்து வல்லத்திராக்கோட்டை வரைக்கும் அதற்கு ஆத்மநாதன் ஐயாதான். அவர் வந்தால் ஊரே எழுந்து நிற்கும். அன்றைக்கு அந்தியில் கண்மாய்க்கரைக் கோயிலில் கதை படிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தவர், "ஓடுனவன் நல்லதம்பி. நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் எவன் வாயைத் திறப்பான்?

அவரை யாராவது விலைக்கு வாங்கியிருப்பார்கள் என்றுதான் நானும் அக்காவும் இத்தனை நாளும் அலைந்தோம். அந்த மனுஷன் வீட்டில் எலி கூடப் பட்டினி. விலைக்குப் போன அடையாளம் ஒன்றும் இல்லை. இன்றைக்குப் பகல் பஸ்ஸில் அவர் புதுக்கோட்டைக்குப் போகிறார், மாஜிஸ்திரேட் முன்னால் சொல்ல. சொல்லிவிட்டால் வழக்கு பெரிய கோர்ட்டுக்குப் போய்விடும். பிறகு கயிறுதான்.

"கதை முடிஞ்சு மங்களம் பாடியாச்சுங்க" என்று கருப்பையா மூச்சிரைக்கச் சொன்னார். "அப்புறமும் புத்தகத்துல இம்புட்டுப் பக்கம் மிச்சம் கெடக்கு. ஊரே பாத்துச்சு. பக்கத்த மிச்சம் வச்சுட்டு மங்களம் பாடுனா மழை எப்புடிங்க வரும்? பழைய புத்தகத்துல கடைசிப் பக்கத்துலதான் மங்களம் பாடுவாரு. அதக் கரையான் அரிச்சுப்போச்சேன்னு ஒங்ககிட்ட புதுசு வாங்குனம் பாருங்க, எங்களச் சொல்லணும்."

"கூடப் பக்கம் குடுத்தா குத்தம் சொல்ற ஊரு ஒங்க ஊரு ஒண்ணுதான்யா" என்றேன்.

அக்கா புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அதுதானே அவர் பழக்கம். பிறகு முன்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். அவர் கை ஓர் இடத்தில் நின்றது.

"செபமாலை, இங்கிட்டு வா. இது என்ன?"

பக்கத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பெருவிரல் ரேகை. திருநீறு. ஆத்மநாதன் ஐயா தட்டில் உள்ள திருநீற்றைத் தொட்டுக்கொண்டுதான் பக்கம் புரட்டுவார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளிலும் அந்த ரேகை இருந்தது. முக்கால் புத்தகத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தாளிலும் கை பட்ட அடையாளமே இல்லை.

"ரேகை நிக்கிற எடத்துல கதை என்ன சொல்லுது, படி."

படித்தேன். "ராஜா காட்டுக்குள்ள மரத்தடியில உக்காந்து அழுவுறாரு."

"அதெப்புடி? அவருதான் ஊருக்கு வந்து முடிசூடிட்டாரே!" என்று கருப்பையா கத்தினார். "நான் கேட்டேனே! மங்களம் பாடி சுண்டலும் குடுத்தாகளே!"

"மங்களம் கடைசிப் பக்கத்துல பத்திரமா இருக்குங்க" என்றார் அக்கா. "அது இருக்கட்டும். இந்தப் புத்தகத்த எங்கிட்ட வந்து வாங்குனது நீங்க இல்லையே, ரத்தினவேலுல்ல?"

"ஆமா, வெளக்குப் போடுறவன் அவன்தான். ஐயா பக்கத்துலயே இருப்பான்."

"அப்ப அவர்கிட்ட போய்க் கேளுங்க, பாத்து வாங்க வேண்டாமான்னு. ஐயாவக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறாரு. மழை வராததுக்குக் காரணம் அவருல்ல?"

கருப்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் சும்மா இருப்பேனா? "விடாதீரும்யா! ஊருக்காகக் கேளும்!" என்று பின்னாலிருந்து ஏற்றிவிட்டேன்.

அவர் தலை மறைந்ததும் அக்கா புத்தகத்தை மூடினார். முகம் வெளுத்திருந்தது.

"பழசு பொடி எழுத்துப் புத்தகம்டா. இது பெரிய எழுத்து. கதை ஒண்ணுதான், பக்கம்தான் கூட. அவரு வாயி கதையச் சொல்லுது. கை பழைய புத்தகத்துல புரட்டுன பழக்கத்துலயே புரட்டிருக்கு. எழுத்து மாறிப்போச்சுன்னே அவருக்குத் தெரியல."

"மனப்பாடமா இருக்கும்க்கா."

"மனப்பாடம்தான். கண்ணு இருக்கிறவன் மனப்பாடமாச் சொன்னாலும் குனிஞ்சு ஒரு தடவ பாக்க மாட்டானா? மங்களம் பாடுறப்ப கண்ணு முன்னால ராஜா அழுதுக்கிட்டு இருக்காரேன்னு தெரியாதா?"

பொன்னுத்தாய் மெல்ல எழுந்து நின்றாள். அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப அவருக்குக் கண்ணு தெரியாதுங்களா? கண்ணு தெரியாதவருங்களா எம் புருசனப் பாத்தேன்னு சொன்னாரு?" தொண்டை கிழிய அலறினாள். "அன்னிக்கு எம் புருசன் வேட்டி காஞ்சு கெடந்துச்சுங்க! மடையில எறங்குனவன் வேட்டி காஞ்சா கெடக்கும்னு போலீசக் கேட்டேன். மாத்திக் கட்டிருப்பான்னுட்டாக. மாத்திக் கட்ட அவருக்கு வேற வேட்டி ஏதுங்க? நான் போறேன். சந்தையில நின்னு அந்தாளு கண்ணு குருடுன்னு கத்துறேன்!"

அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "கத்துனா, புருசனக் காப்பாத்த நாடகம் போடுறாம்பாக. ஊரு அவரு பக்கம்தான் நிக்கும். கோர்ட்டுல கேள்வி கேக்க ஒனக்கு வக்கீலா இருக்காரு? அவரு வாயாலயே வரணும், ஆத்தா. நீ எங்க பின்னாலயே வா. வாயத் தொறக்காத."

இலுப்பூர்ப் பக்கமிருந்து பஸ் வருகிற சத்தம் இன்னும் கேட்கவில்லை. ஓடினோம். அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிய ஓட்டத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் காபி கிளப்புக்கு வெளியே பெஞ்சில் ஆத்மநாதன் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. கிளப்புக்குள் ஏட்டு டம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சாரியில் கருப்பையா ரத்தினவேலின் துண்டைப் பிடித்துக்கொண்டு, "பாத்து வாங்க வேணாமாய்யா?" என்று உலுக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நல்ல கூட்டம். என் தூபம் வீண்போகவில்லை.

அக்கா ஒன்றும் பேசாமல் பெரியவர் முன்னால் போய் நின்றார். அவர் முகம் அசையவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவை அல்ல, அக்காவுக்குப் பின்னால் எதையோ. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தை அவர் மடியில் வைத்தார். அவர் அட்டையைத் தடவினார்.

"யாரு, கடைக்காரம்மாவா?"

"ஆமாங்கய்யா. மிச்சம் இருந்த பக்கங்களப் பத்திக் கேக்க வந்தேன்."

அவருடைய கை நின்றுவிட்டது. என்ன பக்கம் என்று அவர் கேட்கவில்லை. யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும், அல்லது ஊர் முணுமுணுத்தது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"எப்ப இருந்துங்கய்யா?" என்றார் அக்கா, வெகு தணிவாக.

"மெதுவாப் பேசுங்கம்மா." கிளப் பக்கம் காதைத் திருப்பினார். "மங்கிக்கிட்டே வந்துச்சு. இப்ப வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது. வெளிய சொன்னா எவன் என்னக் கதை படிக்கிற மணையில உக்கார வப்பான்? தாலியறுத்த மகளும் பேத்தியும் வீட்டுல இருக்காக. நான் படிச்சாத்தான் அடுப்பு எரியும்."

"அதுக்காக ஒருத்தனத் தூக்குல ஏத்துவீங்களா?" என்று நான் சீறினேன். பொறுக்க முடியவில்லை.

"நான் பொய் சொல்லல!" பெரியவரும் சீறினார். "நல்லதம்பிதான் ஓடுனான். சத்தியமா அவன்தான்."

"பாத்தீங்களா?" என்றார் அக்கா.

காபி கிளப்பில் டம்ளர் ஆற்றும் சத்தம் கேட்டது.

"பாத்தவன் சொன்னான்" என்றார் கடைசியில்.

"யாருங்கய்யா?"

"ரத்தினவேலு. அன்னிக்கு நான் கோயில்ல தனியா உக்காந்திருந்தேன். வெளக்கு இன்னும் போடல. கரை மேல தடதடன்னு ஒருத்தன் ஓடியாந்தான். என் முன்னாலயே வந்து நின்னுட்டான். மூச்சு வாங்குறது கேட்டுச்சு. யாருப்பா அதுன்னு கேட்டேன். பதிலில்ல. அங்கிட்டு நகந்து போயிட்டான். கொஞ்சம் பொறுத்து ரத்தினவேலு வந்து பக்கத்துல உக்காந்தான். 'ஓடுனது நல்லதம்பில்ல, பாக்கலையாங்கய்யா?'ன்னான். பாக்கலைன்னு எப்புடிச் சொல்லுவேன்? எதுக்க வந்து நின்ன ஆளத் தெரியலைன்னா என் குட்டு ஒடஞ்சுபோகுமே! பாத்தேன், பாத்தேன்னுட்டேன். மறுநாள் போலீசு கேட்டப்பவும் அதையே சொன்னேன். ரத்தினவேலு எதுக்குப் பொய் சொல்லப் போறான்?"

விலைக்குப் போன சாட்சியை நாங்கள் ஊரெல்லாம் தேடியிருக்கிறோம்! இந்த மனுஷன் உண்மை என்று நம்பியே சொல்லியிருக்கிறார். என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

"பக்கத்துல உக்காந்தாரே, ஒங்க மேல பட்டாராங்கய்யா?" என்றார் அக்கா.

"பட்டான். வேட்டி என் முழங்கால்ல பட்டுச்சு. சில்லுன்னு இருந்துச்சு. குளிச்சுட்டு..."

அவர் சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

"குடிக்கிற தண்ணிக்கே பொம்பளைக குடத்த வச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்குற ஊருல, அவரு எங்கங்கய்யா குளிச்சாரு?"

"வெளக்குக்கு எண்ணெய் எடுத்தாறேன்னு போனான்" என்று பெரியவர் தனக்குள் பேசுவது போலச் சொன்னார். "திரும்பி வந்து உக்காந்தப்ப வேட்டி மொடமொடன்னு காஞ்சிருந்துச்சு. அவனுக்குத் தண்ணி கடைசியாப் போய்ச் சேருற கடைமடையில வயலு. ஐயோ, அய்யனாரே! மூச்சு வாங்குனானே! முன்னால நின்னவன் மூச்சும் பக்கத்துல உக்காந்தவன் மூச்சும் ஒண்ணுல்ல! யாருன்னு நான் கேட்டதுலயே எனக்குக் கண்ணு தெரியலைன்னு கண்டுக்கிட்டானே!"

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தூணுக்குப் பின்னால் நின்ற பொன்னுத்தாய் அதற்கு மேல் பொறுக்கவில்லை. வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"சாமி, அத அங்க வந்து சொல்லுங்க சாமி. எம் புள்ளைக்கு அப்பன் வேணும் சாமி."

"சொன்னா, கண்ணு தெரியாதவன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுமேம்மா" என்றார் அவர். குழந்தை அழுவது போல இருந்தது அந்தக் குரல். "அப்புறம் என்ன எவன் கூப்புடுவான்?"

அவள் அவர் காலை விடவே இல்லை.

பஸ் ஹாரன் கேட்டது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. கூட்டம் முண்டியது. எதிர்ச் சாரியிலிருந்து ரத்தினவேல் கருப்பையாவை உதறித் தள்ளிவிட்டு ஓடிவந்தான். எங்களைப் பார்த்தான். காலடியில் கிடந்த பொன்னுத்தாயைப் பார்த்தான். முகம் இருண்டது.

"எந்திரிங்கய்யா. பஸ் வந்துருச்சு. கண்டவுக பேச்சக் கேக்காதீங்க" என்று பெரியவர் கையைப் பிடித்தான்.

பெரியவர் எழுந்தார். அவன் இழுத்த பக்கமே இரண்டடி போனார். என் உயிர் போய்விட்டது. அவ்வளவுதான், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நினைத்தேன்.

பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றதும் அவர் கதை படிக்கிற குரலை எடுத்தார். சந்தைத் தெருக் கோடி வரைக்கும் கேட்கிற குரல்.

"இது எந்த ஊரு பஸ்ஸு? போர்டுல என்ன எழுதியிருக்கு? யாராச்சும் படிச்சுச் சொல்லுங்கய்யா!"

முண்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அந்தப் பக்கத்து ஜனம் முழுக்கக் காகிதத்தை நீட்டி "என்ன எழுதியிருக்குங்கய்யா?" என்று கேட்டுப் பழகிய மனுஷன், தலைக்கு மேலே பானை பருமனில் எழுதியிருப்பதைக் கேட்கிறார். ஏட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"என்னங்கய்யா இது, புதுக்கோட்டை பஸ்ஸுதான்" என்றான் ரத்தினவேல். சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

"நீ சொன்னா நம்பணுமா? அன்னிக்கு நம்புனேன்டா. நீ சொன்னத நான் பாத்ததாச் சொன்னேன். எனக்குக் கண்ணு தெரியாதுய்யா! எல்லாரும் கேட்டுக்கங்க, எனக்குக் கண்ணு தெரியாது! ரத்தினவேலு, அன்னிக்கு ஒன் வேட்டி ஏன்டா நனஞ்சிருந்துச்சு?"

ரத்தினவேலின் கை தானாக அவரை விட்டது. ஓடுவான் என்று நினைத்துக் குறுக்கே போய் நின்றேன். அவன் ஓடவில்லை. அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டான்.

"கருது வாங்குற பயிரு" என்றான். "ஒரு தண்ணி பாஞ்சா பொழச்சிருக்கும். கருகக் கருகப் பாத்துக்கிட்டு எப்புடிய்யா இருக்கிறது? நான் தள்ளத்தான் செஞ்சேன். கல்லு அங்கன இருக்கும்னு நெனைக்கல."

ஏட்டு அவன் தோளில் கை வைத்தார். ஜனம் அவனைச் சுற்றி மொய்த்தது. கருப்பையா வாயைப் பிளந்தபடி நின்றார்.

பெரியவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மறந்தார்களோ, பார்க்கக் கூசினார்களோ. நேற்று வரை அவர் காலைத் தொட்டவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். அவர் தனியாகக் கையை நீட்டிப் பஸ் படிக் கம்பியைத் துழாவிக்கொண்டிருந்தார். நான் போக எத்தனித்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "சும்மா இரு."

பொன்னுத்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"எனக்கும் எழுத்துத் தெரியாதுங்கய்யா. ஆனா இது புதுக்கோட்டை பஸ்ஸுதான். எம் புருசன ஏத்திக்கிட்டுப் போன அன்னிக்கு இது பின்னாலயே ஓடிருக்கேன். என் கையப் பிடிச்சுக்கங்க."

அவர் கையைக் கொடுத்தார். அவள் முதலில் ஏறி, அவரை மேலே தூக்கிக்கொண்டாள்.